மேப் கேள்வியின் வரவும் செலவும்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் வினாத்தாளிலிருந்து மேப் கேள்வியை எடுத்துவிடலாம் என்று ஆசிரியர்கள் அறையில் சொல்லிப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் நாலு பேர் சண்டைக்கு வந்துவிடுவார்கள். புவியியல் படித்து, அதையே நடத்திப் பிழைக்கிற நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் அவர்களுடைய காரணம் வேறு, என்னுடையது வேறு.

அவர்கள் பேசுவது தேர்ச்சியைப் பற்றி. நூற்றுக்கு 35 எடுத்தால் பிள்ளை கரையேறிவிடும். ஒரு பத்தி சேர்ந்தாற்போல் எழுத வராத மாணவனுக்கும், மேப்பில் எட்டு இடத்தில் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்து எட்டு மதிப்பெண் வாங்கிக் கொடுத்துவிடலாம். பொங்கல் முடிந்ததும் மாலைச் சிறப்பு வகுப்பு தொடங்கும். இந்தியா அவுட்லைன் தாள்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பழைய வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப வந்த பெயர்கள் கரும்பலகையில் ஏறும்: ஆரவல்லி, சோழமண்டலக் கடற்கரை, மும்பை ஹை, கரிசல் மண். "குஜராத் மூக்குக்கு மேல கட்ச் வளைகுடா, மூக்குக்குக் கீழ காம்பே" என்று ஆசிரியர் சொல்ல, பிள்ளைகள் அப்படியே பிடித்துக்கொள்வார்கள். இதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. இந்தப் புள்ளிகளின் தயவில் பாலிடெக்னிக் வரை போன பிள்ளைகள் எந்தப் பள்ளியிலும் இருப்பார்கள். இருபது வருடம் கழித்துச் செய்தியில் கட்ச் நிலநடுக்கம் என்று வந்தால், அது நாட்டின் எந்த ஓரம் என்பது அவர்களுக்குச் சட்டென்று தெரியும். இதுவும் கல்விதான்.

சிக்கல் புள்ளி வைத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. நான் வேலை பார்த்தது தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் பக்கம். சுத்தமான கரிசல் காடு. மழை நாளில் வகுப்பு வாசலில் செருப்புகளைத் திருப்பிப் போட்டுக் குச்சியால் மண்ணைச் சுரண்டிவிட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே வருவார்கள். கோடையில் நிலம் வெடித்து, உள்ளங்கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மேப்பில் மகாராஷ்டிரத்தின் மேல் கறுப்புப் பென்சிலை அழகாகத் தீட்டிவிட்டு நிமிர்ந்தாள். "அங்க ஏம்மா கரிசல் வந்துச்சு?" என்றேன். "அதெல்லாம் கேக்க மாட்டாங்க சார்" என்றாள். நியாயமான பதில். தக்காணத்தில் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவியதோ, அந்தப் பாறை சிதைந்து மண்ணானதோ அவளுடைய எட்டு மதிப்பெண்ணில் சேராது. காலில் ஒட்டியிருக்கிற மண்ணும் கரிசல்தானே என்று அவளைக் கேட்கவும் யாருமில்லை.

அவுட்லைன் தாளில் இன்னொரு குறையும் உண்டு. நாட்டின் உருவம் அச்சிட்டே கையில் கிடைப்பதால், யாரோ அளந்துதான் அது உருவானது என்ற நினைப்பே மாணவருக்கு வருவதில்லை. 1802இல் லாம்டன் என்ற நில அளவையாளர் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு, அளவையின் அடிப்படைக் கோட்டை அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் தியோடலைட் என்ற அரை டன் கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதிச் சேதமாயிற்று. அதைப் பிரித்து அவரே சரிசெய்தார். இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். ஆனால் சொல்ல நேரமேது? சமூக அறிவியல் என்ற ஒரே புத்தகத்துக்குள் நாலு பாடங்கள். பெரும்பாலும் அதை நடத்துபவர் வரலாறு படித்தவர். வரலாற்றை ரசித்து நடத்திவிட்டு மண் வகைகளுக்கு வரும்போது வருடம் முடிந்திருக்கும்.

ஊர் சுற்றுகிற ஆசிரியர் வந்தால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். நான் நிறையவே சுற்றியவன். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. பனிமலைப் படங்களைப் போட்டுக் காட்டினால் வகுப்பு சினிமாவுக்கு வந்தது போல உட்கார்ந்திருக்கும். தூத்துக்குடியைத் தாண்டாத பிள்ளைக்கு, புவியியல் என்பது சார் போய்வந்த ஏதோ தூர தேசத்துச் சமாச்சாரமாகிவிடும். அதற்குப் பதில், அதே மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியின் செம்மணலை ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கரிசலுக்குப் பக்கத்தில் வைத்தபோது கேள்விகள் தானாக வந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாயும் அப்படித்தான். மலை விட்ட இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்துக்கொண்டு நுழைவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள். நாகர்கோவில் பஸ்ஸில் போன பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்த்தவைதான் அவை. கல்விச் சுற்றுலா பற்றிப் பேசிப் பயனில்லை; அது எப்போதோ கொடைக்கானலும் டிஜே பாட்டும் ஆகிவிட்டது.

பஸ்ஸே இல்லாமலும் நடத்தலாம். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் சூரியன் எங்கள் ஊருக்கு நேர் மேலே வரும். மைதானத்தில் நிறுத்திய தண்ணீர் பாட்டிலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். சென்னையில் இது பத்துப் பன்னிரண்டு நாள் முன்னதாகவே நடந்து முடிந்திருக்கும். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அட்சரேகைப் பாடம் முடிந்தது.

இன்னும் சிலர் ஐசிஎஸ்இ பாடத்திட்டத்தைக் காட்டி, அங்கே சமவுயரக் கோடுகள் உள்ள நிலவரைபடத்தையே கொடுத்துக் கேள்வி கேட்கிறார்களே என்பார்கள். உண்மைதான். சரிவையும் ஓடையையும் ஊர் அமைந்த காரணத்தையும் பிள்ளை வாசித்துச் சொல்ல வேண்டும். மிக நல்ல முறை. ஆனால் அங்கும் ராஜஸ்தான், குஜராத் எல்லைப்பக்கத்து ஒன்றிரண்டு தாள்களையே ஆண்டுக்கணக்கில் வைத்துக் கேட்டதால், கட்டம் கட்டமாக விடை சொல்லும் கைடுகள் வந்துவிட்டன. மனப்பாடம் அங்கும் வழி கண்டுபிடித்துவிட்டது. 2017இலிருந்து இந்திய நில அளவைத் துறையின் நிலவரைபடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சொந்த ஊர்த் தாளை வகுப்பில் விரிக்கச் செலவு ஒரு பிரிண்ட் அவுட்தான்.

ஆகவே மேப் கேள்வி இருக்கட்டும். எட்டு இடத்தில் ஆறு புள்ளியாகவே இருக்கட்டும். மீதி இரண்டுக்கு மட்டும், குறித்த இடத்தில் அது ஏன் இருக்கிறது என்று ஒரு வரி கேட்கலாம். தேர்ச்சி விழும் என்று பயப்பட வேண்டியதில்லை, ஆறு புள்ளி அதைத் தாங்கும். எனக்குள்ள பயமெல்லாம் விடைத்தாள் திருத்தும் முகாமைப் பற்றித்தான். மும்பையில் துறைமுகம் ஏன் அமைந்தது என்பதற்குப் பிள்ளைகள் நாலு விதமாக, நாலும் சரியாக எழுதுவார்கள். விடைக்குறிப்பில் ஒன்றுதான் அச்சாகியிருக்கும். மதியத்துக்குள் கட்டை முடிக்க வேண்டிய ஆசிரியர், மற்ற மூன்றையும் சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போவார்.