இந்திரா சௌந்தர்ராஜன்: ஒரே பெயரில் வந்த சிக்கல்

இந்திரா சௌந்தர்ராஜனை ரொம்ப நாள் ஒரு பெண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாட்றம்பள்ளி பஸ் ஸ்டாண்டு கடையில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்களை வாங்குவது என் அக்கா. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போகிற பஸ்ஸில் நாலைந்து பேர் கைமாற்றிப் படித்து, அட்டை கிழிந்த பிறகு என்னிடம் வரும். எழுதுபவர் ஓர் ஆண், 'இந்திரா' அவருடைய அம்மா பெயர் என்று தெரிந்தபோது அக்காவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

1958இல் சேலத்தில் பிறந்து, மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பரில் மறைந்தார். எழுதிக் குவித்தவர். பல நாவல்களுக்கு ஒரே அச்சு. ஒரு பழைய கோயில், விளக்க முடியாத சாவுகள், நம்பாத ஒருவர், நம்புகிற ஒருவர், நடுவில் காதல். காதல் பெரும்பாலும் ஊறுகாய்தான். அந்த ஜோடி சண்டை போட்டால்தான் இரண்டு பக்க வாதமும் நமக்குக் கிடைக்கும்.

இந்த அச்சு கச்சிதமாக வேலை செய்தது 'விட்டு விடு கருப்பா'வில். நாகா இயக்கத்தில் 90களில் 'மர்மதேசம் - விடாது கருப்பு' தொடராக வந்தது இதுதான். தப்பு செய்தவனைக் கருப்பு அடிக்கும் என்று ஊர் நம்புகிறது, ஆட்கள் சாகிறார்கள். கடைசியில் விடை சாமியிடம் இல்லை, ஒரு மனித மனதின் பிளவில் இருக்கிறது. யார் என்று சொல்லி, பார்க்காதவர்களைக் கெடுக்க விரும்பவில்லை. ஆனால் எனக்கு முக்கியம் வேறு. சாமி அடித்தது என்றால் போலீஸ், சாட்சி, கேள்வி எதுவுமே வேண்டாம். அந்த வசதி ஊருக்கு எவ்வளவு பிடித்துப்போகிறது! பயமுறுத்துவது அதுதான், குதிரைச் சத்தம் இல்லை.

பின்னால் வந்த பல நாவல்களில் இந்தப் பயம் எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் பெயர் என்று நினைக்கிறேன். ஸ்ரீவேணுகோபாலனைப் பாருங்கள். 'திருவரங்கன் உலா'வை அந்தப் பெயரில் எழுதினார். கிளுகிளுப்பும் க்ரைமும் புஷ்பா தங்கதுரை கணக்கில். எந்தப் பெயரைப் பார்த்து எதை எதிர்பார்க்கலாம் என்று வாசகருக்குத் தெரியும். இந்திரா சௌந்தர்ராஜன் மர்மக் கதைக்கும் ஆன்மிகச் சொற்பொழிவுக்கும் ஒரே பெயரையே வைத்துக்கொண்டார். மேடையில் சித்தர் மகிமை பேசியவர் கதையில் "இது தெய்வமா, ஆள் வேலையா?" என்று கேட்டால், விடையை முதல் அத்தியாயத்திலேயே ஊகித்துவிடுகிறோம். நம்பாத பாத்திரம் தோற்பதற்கென்றே கதைக்குள் வருகிறது. ஒருவேளை சொற்பொழிவுக்காவது வேறொரு பெயர் வைத்திருக்கலாம்.

அக்கா இதை ஒப்புக்கொள்ள மாட்டாள். "கடைசில சாமின்னு தெரிஞ்சாத்தான்டா நிம்மதியா தூங்க முடியும். ஆளுன்னு சொல்லிட்டா எவன்னு யோசிச்சிக்கினே இருக்கணும்" என்கிறாள்.

புதிதாகப் படிப்பவர்கள் 'விட்டு விடு கருப்பா'விலிருந்து தொடங்குங்கள். தொடரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.