முழங்காலுக்கு வந்துவிட்ட கல்

சுமைதாங்கியைத் தேடிப்போய்ப் பார்ப்பவர்கள் அபூர்வம். தினமும் ஒரே தெருவில் நடக்கிறவர் கண்ணில்தான் அது என்றைக்காவது படும். தமிழ்நாட்டில் இரண்டு கருங்கல் தூண், மேலே குறுக்காக ஒரு பட்டைக்கல், அவ்வளவுதான். தலைச்சுமையோடு வருகிறவர் யாரும் கைகொடுக்காமலே இறக்கி வைக்கவும் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரத்தில் நட்டிருப்பார்கள். இப்போது சில ஊர்களில் அது முழங்கால் மட்டம். கல் இறங்கவில்லை, தார்மேல் தார் போட்டுச் சாலை ஏறிவிட்டது. உட்கார்ந்து ஊர்க்கதை பேச வசதியாகத்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கருங்கல் கிடையாது, நிலமே சுண்ணக்கல். அதனால் அங்கே சுமைதாங்கியைக் கல்லடுக்கிச் சாந்து பூசிக் கட்டினார்கள். பக்கத்தில் கிணறோ கேணியோ இருக்கும். மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஓர் ஆவுரோஞ்சிக்கல்லும் நிற்கலாம். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தில் தெருவே கூரைக்கு அடியில் போகிறது, இருபுறமும் திண்ணை. வழிப்போக்கனுக்கு இதைவிட என்ன உபசாரம் வேண்டும்!

கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி வைக்கும் வழக்கம் இரு கரையிலும் உண்டு. இறக்காமல் போன சுமையை யாராவது இறக்கி வைக்கட்டும் என்ற நம்பிக்கை.

இப்படிப்பட்ட பழையவற்றை இரு கரையிலும் பார்க்கிற விதம்தான் வேறு. மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை ஆட்களைத் திரட்டிச் சமணர் மலைகளுக்குக் கூட்டிப் போகிறது. சென்னையில் 2004 முதல் ஆகஸ்ட் மாதத்தில் மெட்ராஸ் தினத்தையொட்டி மரபு நடைகள் நடக்கின்றன. நல்ல காரியங்கள். ஆனால் கூட்டமாகப் போகும்போது கல்வெட்டும் கட்டடமும்தான் முன்னால் நிற்கும். எந்த ராஜாவும் வைக்காத கல்லுக்கு யார் நிற்பார்கள்?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்கில் பழைய அடையாளங்களைக் கவனிப்பது பொழுதுபோக்கே இல்லை. 1990-இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்களுக்கு, அது முடிந்த பிறகு காணிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவிக்கப்பட்டன. திரும்பி வந்த பலருக்கு வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒழுங்கை போன தடமும் இல்லை. கிணற்றுக்கட்டு, கோயில் வாசல், ஒரு பழைய மரம் என்று எதையாவது பிடித்துக்கொண்டுதான் தங்கள் காணி எங்கே தொடங்குகிறது என்று கணக்குப் போட்டார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் சும்மா பார்த்துவைத்தது அங்கே எல்லைக்கல்லாயிற்று. உறுதிப் பத்திரம் கையில் இருந்தாலும் இடத்தைக் காட்ட ஆள் வேண்டுமே.

தமிழ்நாட்டுச் சுமைதாங்கிக்கு அந்த அவசரம் வரவில்லை, அதனால்தான் அது சத்தமில்லாமல் புதைகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவுறுத்தியது வீட்டுக்குள் மழைநீர் புகாமல் இருக்கத்தான். ஆனாலும் அது நடக்கிற தெருக்களில் இந்தக் கற்களும் பிழைத்துக்கொள்ளும்.