துணியா, டயபரா? மூன்று வகையையும் கட்டிப் பார்த்த அனுபவம்

கைக்குழந்தைக்கு எதைக் கட்டுவது என்று முடிவெடுக்குமுன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். துணி என்றால் அதைத் துவைக்கப்போவது யார்? டயபர் என்றால் அதைக் குப்பையிலிருந்து அள்ளப்போவது யார்? உறிஞ்சும் அளவு, விலை, மிருது எல்லாம் அதற்குப் பிறகுதான். மதுரையில் எங்கள் வீட்டில் பழைய வேட்டித் துணி, பட்டன் வைத்த துணி டயபர், ஒருமுறை போட்டு எறியும் டயபர் மூன்றையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தோம். துவைப்பது என் பொறுப்பு. அதனால் இந்த விமர்சனத்தில் துவைப்பதைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

பிறந்து முதல் சில வாரங்களுக்கு வேட்டித் துணியை மிஞ்ச ஒன்றுமில்லை. பல வருஷம் துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி குழந்தையின் தோலில் உறுத்தாது. தொப்புள்கொடி விழும்வரை அந்த இடத்தில் எதுவும் உரசக்கூடாது. வேட்டித் துணியை அதற்குக் கீழே இறக்கிக் கட்டலாம். அரைஞாண் கயிற்றில் முன்னும் பின்னும் சொருகினால் போதும், பட்டனும் வேண்டாம், ஊக்கும் வேண்டாம். 2015 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்ட 16 பொருள் கொண்ட பெட்டகத்திலும் ஒரு நாப்கின் துணி இருந்தது.

இன்னொரு பெரிய உபயோகம் உண்டு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது குழந்தை சிறுநீர் கழித்தால் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று குழந்தை மருத்துவர்கள் கணக்கு வைப்பார்கள். துணி கட்டினால் ஒவ்வொரு தடவையும் கையில் தெரிந்துவிடும். டயபரில் ஈரம் பட்டால் மஞ்சள் கோடு நீலமாக மாறும். ஆனால் ஒரு தடவையா மூன்று தடவையா என்று அந்தக் கோடு சொல்லாது. முதல் மாதத்தில் பால் போதுகிறதா என்று பயப்படும் தாய்க்கு நனைந்த துணிகள் கொடுக்கும் தைரியம் பெரிது.

குறை என்னவென்றால் எல்லாமே நனையும். துணி, தூளிச் சேலை, தூக்கி வைத்திருப்பவர் மடி, தூளிக்குக் கீழே தரை. நல்ல தூக்கத்தில் இருக்கும் குழந்தை ஈரத்தில் விழித்து அழும். கூடவே அம்மாவும் விழிப்பாள்.

அடுத்தது பட்டன் வைத்த துணி டயபர். வெளியே தண்ணீர் கசியாத பிளாஸ்டிக் பூச்சு போட்ட துணி, உள்ளே உறிஞ்சும் பேட். இதன் மூதாதை அமெரிக்கத் தாய் ஒருத்தி செய்தது: மேரியன் டோனவன் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து, ஊக்குக்குப் பதில் அழுத்துப் பட்டன் வைத்து, 1951-ல் காப்புரிமை பெற்றார். இப்போது இந்தியக் கம்பெனிகளே விதவிதமாகச் செய்கின்றன. பட்டன் வரிசையை மாற்றி 5 கிலோவிலிருந்து 17 கிலோ வரை ஒரே டயபரைப் போடலாம் என்கிறார்கள். பிறந்த குழந்தை நம் ஊரில் பெரும்பாலும் 3 கிலோவுக்குள்தான் இருக்கும். தொடையில் இடைவெளி விழுந்து ஒழுகும். ஆகவே வளைகாப்புக்கே வாங்கி அடுக்கி வைக்க வேண்டியதில்லை.

கட்டும்போது கவனிக்க வேண்டியது அரைஞாண் கயிறு. இடுப்பு எலாஸ்டிக் அதன் மேல் உட்கார்ந்தால் தோலில் தடம் பதியும். கயிற்றை மேலே ஏற்றி விட்டு, டயபருக்கும் வயிற்றுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கால் அகண்டுவிடும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. கால் விரிந்திருப்பது இடுப்பு மூட்டுக்கு நல்லதுதான். காலை நேராக நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் கெடுதல்.

எனக்குப் பெரிய தலைவலி கொடுத்தது எண்ணெய். குழந்தையைக் குளிப்பாட்டுமுன் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது எங்கள் வீட்டில் தினசரி வழக்கம். “மாப்ள, எண்ணெய் தேச்ச ஒடம்புல அதக் கட்டாதீங்க, பழைய துணியவே கட்டுங்க” என்று அத்தை சொன்னார். அவர் சொன்னது சூட்டை நினைத்து; ஆனால் பேட் விஷயத்திலும் அதுதான் சரி. காய்ந்த பேடின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உள்ளே இறங்கினால் பேட் நன்றாக இருக்கிறது. முத்தாக உருண்டு மேலேயே நின்றால் எண்ணெயோ, புண்ணுக்குத் தடவும் களிம்போ, துணியை மிருதுவாக்கும் திரவமோ படிந்துவிட்டது. அதற்கு மேல் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஒழுகத்தான் செய்யும். வெந்நீரில் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, நுரை அடங்கும்வரை பேடை அலசினால் பழைய நிலைக்கு வரும்.

தண்ணீரும் இதில் சேர்த்தி. போர் தண்ணி உப்பாக இருக்கும் தெருக்களில் சோப்பு நுரைக்காது. அழுக்கோடு சேர்ந்து பேடிலேயே படியும். நுரை வரவில்லையே என்று தூளை அள்ளிப் போட்டால் இன்னும் மோசம். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாய்த் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் இருப்பதன் லாபம் மொட்டை மாடியில்தான். சித்திரை வெயிலில் காலையில் போட்ட பேட் மதியச் சாப்பாட்டுக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும், வாடையும் போய்விடும். பிளாஸ்டிக் பூச்சுள்ள மேல்துணியை மட்டும் நிழலில் போடுங்கள், வெயிலில் எலாஸ்டிக் தளர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதை வேறு. தைத்து மூடிய தடித்த பேட் மறுநாளும் உள்ளே ஈரமாகவே இருக்கும், முடை நாற்றம் வீசும். விரித்துப் போடுகிற மாதிரி மடிப்பு பேட் வாங்குங்கள். விளம்பரத்தில் முதலில் சொல்ல வேண்டியதே இதுதான். எந்தப் பெட்டியிலும் இதைப் பெரிதாகப் போடக் காணோம்.

ஒருமுறை போட்டு எறியும் டயபரின் வேலை அதன் குருணையில் இருக்கிறது. நனைந்த டயபரைக் கத்தரித்துப் பார்த்தேன்: பஞ்சுக்கு நடுவில் ஜவ்வரிசி வெந்த மாதிரி பளபளப்பான மணிகள். சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வேதிப்பொருள். பிழிந்தாலும் தண்ணீரை விடாது. ஒரு கைப்பிடி உப்பைத் தூவினால் கக்கிவிடும். பாம்பர்ஸ் 1961-ல் அமெரிக்காவில் சோதனை விற்பனைக்கு வந்தபோது இது கிடையாது. 1980-களில் இது பரவிய பிறகுதான் டயபர் மெல்லிசானது. ராத்திரிக்கு இதோடு துணி எதுவும் போட்டி போட முடியாது. துணி டயபர் எங்களுக்கு மூன்று, நான்கு மணி நேரம் தாங்கியது. இது விடியும்வரை தாங்கியது. ஆனால் ஈரம் தெரியவில்லை என்பதற்காகப் பகலிலும் மாற்றாமல் விட்டால் மதுரைச் சூட்டில் தொடை இடுக்கு சிவந்துவிடும். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்; களிம்பை நீங்களாகத் தடவாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

செலவுக் கணக்கு எளிது. ஒன்று 10 ரூபாய் என்று வைத்து நாளுக்கு ஆறு போட்டால் மாதம் 1,800 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் டயபருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது கொஞ்சம் ஆறுதல். துணி டயபர் ஒன்று 300-லிருந்து 900 ரூபாய். பன்னிரண்டு இருந்தால் சமாளிக்கலாம். தம்பி தங்கைக்கும் ஆகும்.

சுற்றுச்சூழலுக்குத் துணிதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டரை வருஷத்துக்குச் சராசரிக் கார்பன் கணக்கு டயபருக்கு 550 கிலோ, துணிக்கு 570 கிலோ. மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் காயவைத்து, இரண்டாவது குழந்தைக்கும் கட்டினால் துணியின் கணக்கில் 200 கிலோ குறைகிறது. இந்த மூன்றும் நம் வீடுகளில் ஏற்கெனவே நடப்பவை.

ஆனால் எனக்குக் கார்பனைவிடப் பெரிதாகத் தெரிவது கை. காலையில் குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் நாம் போட்ட பையைப் பிரித்துத் தரம் பிரிக்கிறார். மலத்தோடு சுருட்டி எறிந்த டயபர் அவர் கையில்தான் அவிழ்கிறது. நாய் இழுத்துப் போட்டால் தெருவில் அவிழ்கிறது. மிச்சம் கிருதுமால் கால்வாயிலோ வெள்ளக்கல் குப்பைக் கிடங்கிலோ போய்ச் சேர்கிறது. 2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெளிவாகச் சொல்லிவிட்டன: டயபரைத் தயாரிப்பாளர் கொடுக்கும் உறையிலோ வேறு தகுந்த உறையிலோ இறுகச் சுற்றியே கொடுக்க வேண்டும். மலத்தை முதலில் கழிவறையில் தட்டிவிடுங்கள். பிறகு டயபரைச் சுருட்டி, பின்பக்கத்து ஒட்டுநாடாவால் கட்டி, நாளிதழில் பொதிந்து தனியாகக் கொடுங்கள். குப்பை வண்டி வராத உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களில் டயபரைத் தோட்டத்தில் போட்டு எரிப்பதும் நடக்கிறது. அந்தப் புகை அதே குழந்தையின் மூக்குக்குத்தான் போகும். அங்கே துணியே சரி.

துணியின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிள்ளை பெற்று உடம்பு தேறாதவளும் மூட்டுவலிக்காரப் பாட்டியும் மூத்திரத் துணி துவைத்து மிச்சப்படுத்தும் 1,800 ரூபாய் மிச்சமே இல்லை. வீட்டு ஆண்கள் துவைக்க மாட்டார்கள் என்றால் டயபரே வாங்குங்கள், யாரும் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டில் நிலைத்தது இது: முதல் மாதமும், எண்ணெய் தேய்த்த பொழுதுகளிலும் வேட்டித் துணி. அதன் பிறகு பகலில் துணி டயபர். ராத்திரி, பஸ் பயணம், தடுப்பூசிக்குப் போகும் நாள், அடைமழை நாள் இவற்றுக்குக் கடை டயபர். துணி டயபர் வாங்குகிறவர்கள் முதலில் மடிப்பு பேட் உள்ளதாக இரண்டே இரண்டு வாங்கி, உங்கள் வீட்டுத் தண்ணீரில் நாலைந்து தடவை துவைத்துப் பாருங்கள். சொட்டுத் தண்ணீர் சோதனையில் அது தேறினால் மீதிப் பத்தையும் வாங்கலாம்.