ஸ்ரீபெரும்புதூர் போனில் டெத் மெட்டல்

ஒரு புதிய டெத் மெட்டல் ஆல்பம் வெளியானால் ஒரே வாரத்தில் இரண்டு தீர்ப்புகள் வந்துவிடும். கிடாரும் டிரம்ஸும் சேறாகக் கலந்து கிடக்கின்றன என்பது ஒன்று. ஒவ்வொரு அடியும் கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்கிறது என்பது இன்னொன்று. கேட்டது ஒரே ஆல்பம்தான். ரசனை வேறுபாடு என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது வழக்கம். ரசனைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அவர்கள் எதன் வழியாகக் கேட்டார்கள் என்பது. டீக்கடை ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இளையராஜாவின் பேஸ் கிடாரைப் பற்றி யாராவது தீர்ப்புச் சொன்னால் சிரிப்போம். மெட்டல் விமர்சனத்தில் அதையே சிரிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். அதனால் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது ஆல்பம் அல்ல, கருவி: ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஒருங்கிணைக்கப்படும் ஐபோன் 16. 2024 செப்டம்பரில் 79,900 ரூபாய்க்கு அறிமுகமான இதன் கேமராவையும் பேட்டரியையும் பற்றி எல்லோரும் எழுதி ஓய்ந்துவிட்டார்கள். டெத் மெட்டல் போன்ற எக்ஸ்ட்ரீம் மெட்டலைப் பற்றித் தீர்ப்பெழுத இதை நம்பலாமா என்பதுதான் நம் கேள்வி. நம்பலாம். ஆனால் ஒயர் வேண்டும், ஒரு சுவிட்சைப் போட வேண்டும், இன்னொன்றை அணைக்க வேண்டும். ஒலித்தரம் பற்றி ரசிகர்கள் அதிகம் சண்டை போடும் விஷயமான இழப்பில்லாத ஒலி இந்த மூன்றிலும் வராது.

இந்த இசை ஏன் கருவிகளுக்குக் கடினமான சோதனை என்பதற்கு ஒரு எளிய கணக்கு போதும். நிமிடத்துக்கு 240 தாளத்துடிப்பு வேகத்தில், ஒரு துடிப்புக்கு நான்கு அடி வீதம் டபுள் பேஸ் டிரம் ஓடினால் நொடிக்கு 16 அடி. அடிக்கும் அடிக்கும் இடையே 62 மில்லிசெகண்டுதான். தவில் தனியில் கடைசி மோராவை நெருங்கும்போதுதான் காதுக்கு இப்படி வேலை வரும். இங்கே அது முழுப் பாட்டுக்கும் நீள்கிறது. ஆப்பிள் மியூசிக் வழக்கமாக அனுப்பும் 256 கிலோபிட் ஏஏசி ஒலியை 1,024 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு ஏறக்குறைய 23 மில்லிசெகண்டு. திடீர் அடி விழும்போது அதன் பிழை அடிக்கு முன்னாலேயே கசியாமல் இருக்க, 128 மாதிரிகள் கொண்ட சிறு துண்டுகளுக்கு அது மாறிக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றமும் பிட் செலவு. இதற்கு மேல், முழு டிஸ்டார்ஷனில் ஓடும் இரண்டு கிடார்களும் இடைவிடாத சிம்பல்களும் கணித நோக்கில் இரைச்சலுக்கு நெருங்கிய உறவு. இரைச்சலைச் சுருக்குவதுதான் எந்தச் சுருக்க முறைக்கும் கடினமான வேலை. ஒரு குரலும் வீணையும் மட்டுமே உள்ள பதிவு 128 கிலோபிட்டில் தப்பித்துக்கொள்ளும். அதே அளவில் பிளாக் மெட்டல் சிம்பல் நீரில் கரைந்த சோப்பு மாதிரி ஆகிவிடும். ஆனால் 256 என்பது இந்த நெருக்கடியைப் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறது. இழப்பில்லாத ஒலி 2021 முதல் ஆப்பிள் மியூசிக்கில் உண்டு. அதைப் போட்டுக்கொள்வதில் தவறில்லை. சேறு என்று எழுதியவரின் சேறு மட்டும் அங்கிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு.

சேறு வருவதற்கு வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது போனின் சொந்த ஸ்பீக்கர். ஏ சுரம் வரை கீழிறக்கிய கிடாரின் தடித்த கம்பி 55 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. விரல் நகம் அளவே உள்ள ஸ்பீக்கர் அந்த அதிர்வைத் தர முடியாது. அதன் மடங்குகளை மட்டும் தந்துவிட்டு, மீதியை மூளையே நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழுவை இதற்குச் சோதனையாக வைக்கலாம். சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் டெத் மெட்டலோடு இணைத்து, 2005, 2009, 2011 என மூன்று ‘பிரம்மவித்யா’ ஆல்பங்களைத் தந்தவர்கள். குழுவின் கதிர் பாடகர், பேஸ் கிடார் வாசிப்பவரும் அவரே. போன் ஸ்பீக்கரில் போட்டால் அவருடைய ஒரு வேலை கேட்கிறது, இன்னொன்று காணாமல் போகிறது. பேஸ் போதவில்லை என்று அதை வைத்து எழுதுகிறவர் ருத்ராவைப் பற்றி எழுதவில்லை. இரண்டாவது வழி, கேட்கும் இடம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் நோக்கிப் போகும் கம்பெனி பஸ்ஸின் எஞ்சின் உறுமல், கிக் டிரம்மும் கீழிறக்கிய கிடாரும் வாழும் அதே தாழ்ந்த அதிர்வெண்களில்தான் குடியிருக்கிறது. ஒன்று மற்றொன்றை மூடிவிடும். வெளிச்சத்தத்தை அணைக்கும் இயர்பட்ஸ் இங்கே உண்மையாகவே உதவும். ஐபோன் புளூடூத்தில் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு சுருக்க முறைகளைத்தான் தரும், எல்டாக் கிடையாது. ஓடும் பஸ்ஸில் அதைப் பற்றிக் கவலைப்படுவது, மழையில் நனைந்துகொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுவதற்குச் சமம். வீட்டின் அமைதியில் தீர்ப்பெழுத உட்காரும்போது மட்டும் யூஎஸ்பி-சி அடாப்டரைச் செருகி ஒயருக்கு வர வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஓரம்தான்; நடுவில் இருப்பது சத்தத்தின் அளவு. ஒரே இசையை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால் கேட்பவர் அதைச் சத்தம் கூடியதாக அல்ல, தரம் கூடியதாக உணர்வார். சத்தம் ஏற ஏறத் தாழ்ந்த ஒலிகள் காதுக்குச் சமமாகக் கேட்கத் தொடங்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933லேயே வரைந்து காட்டிவிட்டார்கள். மாஸ்டரிங் செய்பவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ஆல்பங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு, ஏற்ற இறக்கம் போய்ச் சத்தம் மட்டும் உயரும்படி நசுக்கப்பட்டன. எக்ஸ்ட்ரீம் வகை இல்லை என்றாலும் எல்லோருக்கும் தெரிந்த சாட்சி, 2008இல் வந்த மெட்டாலிக்காவின் ‘டெத் மேக்னெடிக்’. குறுந்தகட்டில் நசுங்கி உடைந்த அதே பாடல்கள் ‘கிடார் ஹீரோ’ வீடியோ கேமில் நசுங்காமல் இருந்ததை ரசிகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டே கண்டுபிடித்தார்கள். எக்ஸ்ட்ரீம் மெட்டலின் பழைய கோட்டையான இயரேக் நிறுவனமே பின்னாளில் மார்பிட் ஏஞ்சலின் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ போன்ற தன் ஆல்பங்களை நசுக்காத வடிவில் மறுபடி வெளியிட்டது. குற்றம் நடந்ததற்கு அதைவிடப் பெரிய ஒப்புதல் தேவையில்லை. ஐபோனில் இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது: அமைப்புகளில் மியூசிக் செயலிக்குள் ‘சவுண்ட் செக்’. அதைப் போட்டால் ஆல்பங்கள் எல்லாம் ஏறக்குறைய மைனஸ் 16 லஃப்ஸ் என்ற ஒரே சராசரிச் சத்தத்துக்கு இறக்கப்படும். மைனஸ் 8 சுற்றில் மாஸ்டர் செய்யப்படும் இன்றைய மெட்டல் ஆல்பம் எட்டு டெசிபலை இழக்கிறது. சத்தத்தால் வாங்கிய மதிப்பெண் போய்விட, மிச்சமிருப்பது இசை.

அந்தச் சுவிட்ச் போட்ட பிறகு 2024இன் இரண்டு பெரிய ஆல்பங்களை எடுத்துக்கொள்வோம். பிளட் இன்கான்டேஷனின் ‘அப்சலூட் எல்ஸ்வேர்’ பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில் பதிவானது; தலா மூன்று பகுதிகளாக இரண்டே நீண்ட படைப்புகள்; ஒரு பகுதியில் டேஞ்சரின் டிரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் வந்து சேர்கிறார். நியூசிலாந்தின் அல்சரேட் வெளியிட்ட ‘கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்’ ஒத்திசையாத சுரங்களை அடுக்கி அடுக்கி மூச்சு முட்ட வைப்பது. முன்னதில் சிந்தசைசர் பரவும் அமைதியிலிருந்து டெத் மெட்டலுக்குத் தாவும் இடங்கள்தான் ஆல்பத்தின் உயிர். அமைதிக்கும் தாக்குதலுக்கும் இடையே உயரம் இருந்தால்தான் தாவலே உண்டு. பல பாணிகளை ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்ற குறை, அந்த உயரத்தைக் கேட்க முடிந்தவரிடமிருந்து வந்தால் மதிக்க வேண்டிய கருத்து. பஸ்ஸில் அமைதிப் பகுதிகளை எஞ்சினுக்குப் பறிகொடுத்தவருக்கு ஒட்டு மட்டும்தானே கேட்டிருக்கும்? அல்சரேட்டில் சிக்கல் வேறு. அந்தச் சுர அடுக்கில் எந்தச் சுரம் எதோடு மோதுகிறது என்பது தாழ்நடு அதிர்வெண்களில்தான் இருக்கிறது. அங்கே மங்கினால் வெறும் இருட்டு மிஞ்சும். இருட்டாக இருக்கிறது என்று அதைப் பாராட்டுபவர்களும் உண்டு என்பது வேடிக்கை.

நசுக்குவதுதான் இந்த இசையின் அழகு, சுவர் போல மோத வேண்டும், சத்தத்தைச் சமப்படுத்தினால் நோக்கமே கெட்டுவிடும் என்பது முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை. சில குழுக்களுக்கு அந்தச் சுவர் தேவைதான். ஆனால் சவுண்ட் செக் சுவரை உடைப்பதில்லை. ஒலியின் உள்ளமைப்பைத் தொடாமல் முழு ஆல்பத்தையும் ஒரே அளவில் இறக்குகிறது, அவ்வளவே. இறக்கிய பிறகும் மோதுகிறதென்றால் அது உண்மையான சுவர். டார்க்த்ரோனின் ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ இதைவிட வலுவான மறுப்பு. 1994இல் நான்கு டிராக் டேப்பில் வீட்டுப் பதிவாக வந்து ஒரு வகைமைக்கே இலக்கணமான ஆல்பம் அது. பதிவே கரடுமுரடு எனும்போது கருவியின் நேர்மை எதற்கு என்று கேட்கலாம். அங்கேதான் அதிகம் தேவை. அந்த டேப் இரைச்சல் தேர்ந்தெடுத்த இரைச்சல். மேலே சொன்னபடி சுருக்க முறை முதலில் கைவைப்பதும் இரைச்சலில்தான். இழப்பில்லாத ஒலிக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டுமென்றால் மிகச் சுத்தமான பதிவுகளைவிட இந்த அழுக்குப் பதிவுகளையே காட்டுவேன்.

விமர்சகர் இயற்றலைப் பார்க்கட்டும், ஒலி பொறியாளர் பாடு என்பது இன்னொரு வாதம். மெல்லிசையில் இது ஓரளவு செல்லும். ஆர்மோனியத்தில் வாசித்தாலும் மெட்டு மெட்டுதான். இங்கே மெட்டைத் தனியே உரித்தெடுக்க முடியாது. இதைப் புரிந்துகொண்ட விமர்சகர்களும் இருக்கிறார்கள். ‘ஆங்க்ரி மெட்டல் கய்’ தளம் ஒவ்வொரு விமர்சனத்துக்குக் கீழேயும் எந்த வடிவக் கோப்பில் கேட்டோம், ஆல்பத்தின் ஒலி ஏற்றத்தாழ்வு எண் என்ன என்று அச்சிடுகிறது. பெரும்பாலும் அது 320 கிலோபிட் எம்பி3 என்று இருக்கும், ஒப்புக்கொள்வதே நாணயம். அந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஒரே மாஸ்டரை வினைலில் வெட்டி அளந்தாலே எண் உயர்ந்து காட்டும். எந்த ஹெட்போன், எந்தச் சத்த அளவு என்ற வரியை மட்டும் இன்னும் யாரும் ஒழுங்காகச் சேர்ப்பதில்லை.

அணைக்க வேண்டிய சுவிட்ச் டால்பி அட்மாஸ். அட்மாஸ் கலவைக்கு மைனஸ் 18 என்ற சத்த வரம்பு இருப்பதால் அது குறைவாகவே நசுக்கப்பட்டிருக்கும். கேட்க இனிமையாகவும் இருக்கலாம். ஆனால் அது வேறு கலவை. ஒன்றைக் கேட்டு மற்றொன்றுக்கு மதிப்பெண் போடக் கூடாது. தானியங்கி நிலையில் விட்டால் போன் கேட்காமலேயே மாற்றிவிடும். இது குறை என்றால் அடுத்தது பெருங்குறை: நிலத்தடிக் குழுக்கள் பேண்ட்கேம்பில் விற்கும் இழப்பில்லாத ஃபிளாக் கோப்பை ஐபோனின் மியூசிக் செயலி ஏற்காது. கணினியில் ஆப்பிளின் வடிவத்துக்கு மாற்ற வேண்டும், அல்லது விஎல்சி போன்ற வேறு செயலிக்குப் போக வேண்டும். அப்படிப் போனால் சவுண்ட் செக் கூட வராது. குழுவுக்கு நேராகக் காசு கொடுத்து வாங்கிய ரசிகருக்கே இந்தத் தண்டனை.

இவ்வளவு விலையுள்ள போனை வைத்து எத்தனை பேர் மெட்டல் கேட்கப் போகிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. இந்தத் தொழிற்பேட்டையில் அதை ஒருங்கிணைக்கும் கைகளில் பெரும்பாலும் வேறு போன்தான் இருக்கும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நஷ்டப்படவில்லை. ஐபோன் 2016இல் இயர்போன் துளையை நீக்கியது, 2020இல் பெட்டியிலிருந்து இயர்போனையும் நீக்கியது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அந்த 3.5 மில்லிமீட்டர் துளை இன்னும் இருக்கிறது. ஃபிளாக் கோப்பைப் போட்டாலும் முகம் சுளிக்காமல் பாடும். இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 நவம்பர் வரை ஓடிய நோக்கியா ஆலையின் காலத்தில் ஒயர் இயர்போன் ஒரு வசதி என்று யாரும் சொன்னதில்லை. போனோடு வரும் பொருள், அவ்வளவுதான். இன்று அதே ஊரிலிருந்து வரும் போனுக்கு அந்தத் துளையைத் தனியே காசு கொடுத்து வாங்கிச் செருக வேண்டியிருக்கிறது. வாங்கிச் செருகி, சவுண்ட் செக்கைப் போட்டு, அட்மாஸை அணைத்துவிட்டால், ‘பிரம்மவித்யா’வில் கதிரின் இரண்டு வேலைகளும் கேட்கும்.