500 வந்தால் லொக்கைப் பார்

பேர்ள் நிரல்மொழியில் எழுதிய இணையச் சேவை விழுந்தால் பயனர் காண்பது 500 என்ற இலக்கத்தைத்தான். காரணம் சர்வரின் லொக்கில், அதாவது பிழைப் பதிவேட்டில், கிடக்கும். அதை வாசிப்பதில் ஒரு தனி ருசி உண்டு.

அப்பாச்சி என்ற இணையச் சர்வரின் பழைய பதிப்புகளில் வழக்கமான முறைப்பாடு, 'பிரிமச்சூர் எண்ட் ஒஃப் ஸ்கிரிப்ட் ஹெடர்ஸ்'. தலைப்பு வரிகளை அனுப்பி முடிக்குமுன்பே நிரல் செத்துவிட்டது. ஓட்ட அனுமதி இல்லையா, மொட்யூல் இல்லையா, அரைப்புள்ளி விடுபட்டதா என்று தேடவேண்டும்.

விண்டோஸில் எழுதி லினக்ஸில் ஏற்றிய நிரல் இன்னும் வேடிக்கை. பேர்ள் இருக்கும் இடத்தைச் சொல்லும் முதல் வரியின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கெரியேஜ் ரிட்டர்ன் ஒட்டியிருக்கும். லினக்ஸ் அதையும் பேர்ளின் பெயரோடு சேர்த்து வாசித்து, அப்படியொரு கோப்பே இல்லையென்று கையை விரிக்கும்.

கைதேர்ந்தவர் எடுத்த எடுப்பில் நிரலில் கைவைப்பதில்லை. முதலில் லொக்கின் கடைசி வரிகள். பிறகு 'பேர்ள் -சி' கொடுத்து இலக்கணச் சோதனை. அடுத்து பிரவுசர் இல்லாமல் நேரே ஓட்டிப் பார்ப்பது. பேர்ள் வரி இலக்கத்தையும் சொல்லும். ஆனால் மூடாத மேற்கோள் குறி அதற்கு வெகு மேலேயும் இருக்கலாம்.

லொக் வாசிப்பது தேநீர் சுவைப்பதைப் போன்றது. இலங்கை மலையகத்தில் தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். தேநீரை ஒரு மிடறு உறிஞ்சியே கொழுந்தை வாட்டியதில் பிழையா, உலர்த்தியதில் பிழையா என்று சொல்லும் சுவைஞரின் இனம்தான் லொக் வாசிப்பவரும்.

தூரத்துச் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் போய்வருவது வெறும் எழுத்து. மலையில் சிக்னல் மெலிந்தாலும், தெல்தோட்டையில் இருந்தபடியே கடல் கடந்த சர்வரைத் திருத்தலாம். 1987இல் லாரி வோல் பேர்ளை வெளியிட்டதே எழுத்துக் குவியலை அலசி அறிக்கை எடுக்கத்தான். பேர்ளின் பிழையைத் தேடவும் பேர்ளே நல்ல சல்லடை.