கூடத்திற்கு வந்த கலகக் குரல்

கலைக்கு இடமும் உண்டு, காலமும் உண்டு. கோயில் திருவீதியில் முழங்கும் நாகசுரம் சிறு வீட்டின் கூடத்தில் ஒலித்தால் செவிக்கு மிகையாகும். அங்ஙனமாயின், பேரரங்குகளின் ஆரவாரத்தில் வளர்ந்த ராக் இசை, இல்லத்தரசியர் வேலைக்கு நடுவே காணும் பகல்நேரத் தொலைக்காட்சி உரையாடலில் புகுந்தால் என்ன ஆகும்? கலைஞனின் கூர்மை மழுங்கிவிடுமா? இவ்வினாவிற்கு விடை காண அமெரிக்கத் தொலைக்காட்சியின் ஒரு வாரம் நமக்குத் துணை புரிகிறது.

1972 பிப்ரவரி 14 முதல் 18 வரை, பிலடெல்பியா நகரில் உருவான 'மைக் டக்ளஸ் ஷோ'வில் ஜான் லென்னனும் அவர்தம் துணைவியார் யோகோ ஓனோவும் துணைத் தொகுப்பாளர்களாக அமர்ந்தனர். டக்ளஸ் பழைய இசைக்குழு மரபில் வந்த இன்குரல் பாடகர். 1950இல் வெளிவந்த டிஸ்னியின் 'சிண்டரெல்லா' படத்து இளவரசனுக்குப் பாட்டுக் குரல் தந்தவர். லென்னனோ பீட்டில்ஸ் குழுவை விட்டு வந்து போர் எதிர்ப்பில் ஊன்றி நின்றவர். நுகர்வோருக்காகப் போராடிய ரால்ப் நேடர், கருஞ்சிறுத்தைக் கட்சியை நிறுவியோருள் ஒருவரான பாபி சீல், கிளர்ச்சியாளர் ஜெர்ரி ரூபின் ஆகியோரும் அவ்வாரம் அந்நாற்காலிகளில் வந்தமர்ந்தனர்.

குறையை முதலில் கூறிவிடுவோம். கொள்கை பேசிய இடங்களில் நிகழ்ச்சி தளர்கிறது. முழக்கம் கூடத்தில் எடுபடுவதில்லை. ஆனால் உடைந்த தேநீர்க் கோப்பை ஒன்றை யோகோ நாள்தோறும் சிறிது சிறிதாக ஒட்டிச் சேர்த்தாரே, அது எடுபட்டது. அமைதி என்பது பொறுமையான கைவேலை என்று நூறு சொற்களால் சொல்வதை அக்கோப்பை சொல்லாமற் சொல்லிற்று. லென்னன் பியானோவில் அமர்ந்து 'இமாஜின்' பாடியபோதும் அவ்வாறே, வாதம் பாட்டாகிவிட்டது.

வாரத்தின் உச்சம் சக் பெரி வந்த நாள். இளமையில் தாம் எவர் பாடல்களைக் கேட்டு வளர்ந்தாரோ, அவரோடு ஒரே மேடையில் நின்று பாடிய லென்னனின் முகத்தில் புகழின் நிழல்கூட இல்லை. மாணவனின் மகிழ்ச்சியே இருந்தது. இடையே யோகோ எழுப்பிய புதுமைக் கூவலில் பெரியின் விழிகள் வியப்பால் விரிந்தன. அக்கூவலை எள்ளி நகையாடுவோர் பலர். எனினும் பெரி வாசிப்பை நிறுத்தவில்லை என்பதையும் அவர்கள் நோக்குதல் வேண்டும்.

இங்கே பாராட்டுக்குரியவர் டக்ளஸ். தமக்கு உடன்பாடில்லாத கருத்துகளையும் முகம் கோணாமல் கேட்டார். விருந்தினரின் உள்ளம் எத்துணை மென்மையானது என்று வள்ளுவர் உணர்த்தியதை அத்தொகுப்பாளர் தம் பண்பால் அறிந்திருந்தார் போலும். 1977இல் டைனா ஷோர் தம் நிகழ்ச்சியில் இகி பாப்பை வரவேற்றதும் இத்தகையதே. மேடையில் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டவர் என்று அறியப்பட்ட அப்பாடகரிடம், அருவருப்பின்றி, அறியும் ஆவலோடு அவர் வினவினார். பின்னணியில் டேவிட் போவி கீபோர்டு வாசித்தார்.

இனி, கூர்மை மழுங்கியதா என்ற வினாவிற்கு வருவோம். லென்னன் அந்நாட்டில் அயலார். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்னர், பிப்ரவரி 4ஆம் நாள், அவரை நாட்டில் தங்கவிடலாகாது என்னும் கருத்தில் செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் அரசுக்கு எழுதியிருந்தார். மார்ச் மாதத்தில் வெளியேற்ற நடவடிக்கை தொடங்கிற்று. நிலையாகத் தங்கும் உரிமை 1976இல்தான் கிட்டிற்று. வீட்டுக் கூடங்கள் இருக்கை தந்த ஒருவருக்கு அரசு வாயிலைக் காட்டிற்று! மழுங்கிய குரலைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்றூரில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு நன்கு விளங்கும். தங்குவதற்கு இசைவுச்சீட்டு தருவது அரசு. மதித்து அமரச் செய்வது மனிதர். கலகக் குரலையும் விருந்தாக ஏற்ற அந்தப் பகல்வேளைகள், கலைக்கு மட்டுமன்றிப் பண்பாட்டிற்கும் உரைகல்லாய் நிற்கின்றன.