பெரியம்மாவுக்கு ஓர் இல்லம்: என் எக்ஸெல் ஷீட் எங்கே தப்பு பண்ணியது

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊரில் நர்சிங் ஹோம் என்றால் பிரசவமும் குடல்வால் ஆபரேஷனும் பண்ணுகிற சின்ன ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அதே பெயருக்கு அர்த்தம் வேறு. தானாக எழுந்து நடமாட முடியாத வயதானவர்கள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தங்கும் இடம் அது. அதற்கு நம்மிடம் தனிப் பெயர் இல்லை. முதியோர் இல்லம் என்கிறோம். காலையில் வாக்கிங் போகிறவரும் படுத்த படுக்கையாக இருப்பவரும் அந்த ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள். பெயரே கலங்கிக் கிடந்தால் தரத்தை எதை வைத்து அளப்பது? கடந்த மூன்று மாதமாக இதே கேள்விதான்.

விஷயம் இது. பெரியம்மாவுக்கு வயது 78. திருக்கழுக்குன்றத்தில் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். பெரியப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது, பிள்ளைகள் கிடையாது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. செங்கல்பட்டில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எழுப்பிவிட ஆள் வேண்டும், ராத்திரி கூட ஆள் வேண்டும். என் அம்மாவுக்கு முட்டி வலி. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக்கு வந்த இரண்டு அட்டெண்டர்களும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. பெரியம்மாவே சொன்னார்: "எங்கயாவது சேத்துடுடா. இவங்க எப்ப வருவாங்கன்னு வாசலையே பாத்துட்டிருக்க முடியல."

நான் சாஃப்ட்வேர்காரன். உடனே எக்ஸெல் ஷீட் போட்டேன். மாமல்லபுரம், கோவளம் பக்கம் ஈ.சி.ஆரில் நான்கு, திருப்போரூர் பக்கம் இரண்டு, செங்கல்பட்டிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி மூன்று, ஆக ஒன்பது இடங்கள். நூறு மதிப்பெண். இடவசதிக்கு 25, மருத்துவ வசதிக்கு 20, கட்டணத்துக்கு 20, சாப்பாட்டுக்கு 15, கூகுள் மதிப்பீட்டுக்கு 15, எங்கள் வீட்டிலிருந்து தூரத்துக்கு 5. முதலிடம் வந்தது ஈ.சி.ஆரில் ஓர் இல்லம். கடல் காற்று, புல்வெளி, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், அறைக்கு ஒரு ஏ.சி., நான்கரை நட்சத்திரம்.

முன்பதிவு செய்து காலை 11 மணிக்குப் போனேன். எல்லாம் சுத்தம். மேனேஜர் படம் போட்ட புத்தகம் கொடுத்தார். "எங்க கிட்ட இதுவரைக்கும் யாருமே விழுந்ததில்ல சார்" என்றார். எனக்கு அப்போது அது நல்ல செய்தியாகத்தான் பட்டது.

நான்கு நாள் கழித்து, மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தேன். மேனேஜர் இல்லை. மேல்மாடியில் படுக்கையில் இருப்பவர்களின் கால்மாட்டில் ஒரு சார்ட் தொங்கியது. எழுந்திருக்க முடியாதவர்களை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைப்பது பழைய நர்சிங் நடைமுறை. இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வரும். சார்ட்டில் 10, 12, 2, 4, 6 என்று வரிசையாகக் கையெழுத்து. ஒரே பேனா, ஒரே சாய்வு. என் வாட்சில் மணி நாலு. ஆறு மணிக்கான கட்டம் அதற்குள் நிரம்பியிருந்தது.

லாக் ஃபைல் பார்த்தே காலம் தள்ளுகிறவன் நான். இனிமேல் நடக்கப்போவதை எழுதிவைத்திருக்கும் லாக் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அந்த இல்லத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரு நாள் பார்த்ததை வைத்து ஒரு நிறுவனத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் என் ஷீட்டுக்கு எழுதலாம். நூறு மதிப்பெண்ணில் அந்தக் கட்டத்தைப் பிடிக்க ஒரு மதிப்பெண்கூட இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்தபோது அவெடிஸ் டொனபேடியன் ஞாபகம் வந்தார். பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணிபுரிந்த மருத்துவர். மருத்துவத் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்று 1966இல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். தரத்தை மூன்று இடத்தில் பார்க்கலாம் என்றார்: அமைப்பு, செயல்முறை, விளைவு. கட்டடம், கட்டில், ஆட்கள் எண்ணிக்கை எல்லாம் அமைப்பு. புரட்டிப் படுக்கவைத்தார்களா என்பது செயல்முறை. புண் வந்ததா, விழுந்தாரா என்பது விளைவு. என் ஷீட்டில் பெரும்பகுதி அமைப்புதான். ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதானே. ஈ.சி.ஆரில் இவ்வளவு புல்வெளி இருப்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். இடத்தைப் பார்த்துப் பணம் கட்டுகிறவர் மகன். அங்கே படுத்திருக்கப் போகிறவர் அம்மா. புல்வெளி மகனுக்காக.

சரி, அரசாங்கமே அளந்து சொன்னால்? அமெரிக்காவில் 2008 முதல் நர்சிங் ஹோம்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு இருக்கிறது. நேரடி ஆய்வு, ஊழியர் எண்ணிக்கை, நோயாளிகளின் நிலை என்று மூன்று பகுதிகள். இதில் ஊழியர் எண்ணிக்கையைப் பல வருஷம் இல்லங்களே எழுதிக் கொடுத்தன. 2018இல்தான் சம்பளப் பதிவேட்டுக் கணக்குக்கு மாறினார்கள். மாறியதும் பல இல்லங்கள் முன்பு ஆட்களைக் கூட்டிச் சொல்லியிருந்ததும், சனி ஞாயிறுகளில் ஆள் ரொம்பக் குறைந்துபோவதும் தெரிய வந்தது. அளக்கப்படுகிறவரே அளவை எழுதினால் எந்த ஊரிலும் ஆறு மணிக் கட்டம் நாலு மணிக்கே நிரம்பிவிடும்.

நம்ம பக்கம் அந்த அளவுகூட இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இல் வந்தது. அதற்கான விதிகள் வர 2018 ஆனது. அதுவும் வைத்தியம் பார்க்கிற இடங்களுக்கானது. பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஆதரவற்ற 150 பேராவது தங்குகிற இல்லத்தை மாநில அரசு 'அமைக்கலாம்' என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று இல்லை. தனியார் இல்லங்களுக்கு நாடு முழுக்கப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் கொண்டுவர ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே 2024இல் அந்த அவையோடு காலாவதி ஆனது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம் என்பது மத்திய அரசின் கணிப்பு. ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அளவுகோல் வரவில்லை.

விளைவு என்ன? இரண்டு சம்பவங்கள் போதும். 2018 பிப்ரவரியில், செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் ஒரே மாவட்டமாக இருந்தபோது, உத்திரமேரூர் அருகே பாலேஸ்வரம் கருணை இல்லத்தின் வண்டியை ரோட்டில் மறித்தார்கள். காய்கறி மூட்டைகள், ஒரு சடலம், கூடவே உயிரோடு வயதானவர்கள். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். அங்கிருந்த சுமார் முன்னூறு பேர் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். நிர்வாகம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. யார் சரி என்பதற்குள் நான் போகவில்லை. விஷயம் வெளியே வந்தது ஒரு வண்டி நின்றதால். ஆய்வால் இல்லை.

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம். அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைப் பற்றி அமெரிக்காவில் இருந்த உறவினர் விசாரித்தபோது, பெங்களூருக்கு மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கேயும் ஆள் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். அதற்குப் பிறகே அதிகாரிகள் நுழைந்தார்கள், உரிமம் இல்லாமல் நடந்தது தெரிந்தது, நூற்று நாற்பது பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். இங்கேயும் தொடக்கம் ஒரு உறவினர் கேட்ட கேள்வி: "அவர் எங்கே?"

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் என் ஷீட்டின் பெரிய தப்பு புரிந்தது. நான் ஐந்து மதிப்பெண் கொடுத்திருந்த தூரம்தான் முதலில் வந்திருக்கணும். நம்ம சூழ்நிலையில், தொடர்ந்து நடக்கிற ஒரே ஆய்வு நாம் போய்ப் பார்ப்பதுதான். ஈ.சி.ஆர். இல்லத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். மாதம் ஒரு தடவை போவேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை, சொல்லிவிட்டு. செங்கல்பட்டுக்குள் இருந்தால் ஆபீஸ் விட்டு வரும் வழியில் வாரம் இரண்டு தடவை எட்டிப் பார்ப்பேன். எட்டிப் பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்தாலே சார்ட் கொஞ்சம் மாறும்.

தூரத்துக்கு 40 மதிப்பெண் போட்டு மறுபடி கணக்குப் பார்த்தேன். ஏழாவது இடத்தில் இருந்த ஓர் இல்லம் மேலே வந்தது. செங்கல்பட்டில் பழைய இரண்டு மாடி வீடு. ஃபினாயில் வாசனை, டிவி சத்தம் அதிகம். ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லாமல் போனேன். கதவைத் திறந்த அக்கா, "கொஞ்சம் இருங்க சார், பாட்டிக்கு டயப்பர் மாத்திட்டு வரேன்" என்று என்னை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டுப் போனார். சார்ட்டில் 7.50, 10.20, 12.05 என்று கோணல்மாணலாக நேரங்கள், வேறுவேறு பேனா. யாராவது விழுந்தார்களா என்று கேட்டேன். "போன மாசம் ஒருத்தங்க விழுந்தாங்க. அதுக்கப்புறம்தான் ராத்திரி லைட்ட அணைக்கறதில்ல." பக் லிஸ்ட் காலியாக இருக்கிற சாஃப்ட்வேரை யாரும் டெஸ்ட் பண்ணவில்லை என்றுதான் அர்த்தம். விழுந்தவரைக் கணக்கு வைத்திருக்கிற இடத்தை நம்பலாம் என்று தோன்றியது.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் விளக்கினேன். ஈ.சி.ஆரின் ஜன்னலையும் கடலையும் சொன்னேன், நியாயமாக இருக்கணுமே. "எனக்குக் கண்ணே பாதிதான் தெரியுது, ஜன்னல் எதுக்குடா? வெந்நீர் தருவாங்களா? ராத்திரி பாத்ரூமுக்குக் கூப்பிட்டா யார் வருவாங்க? போன் கையிலயே இருக்கலாமா? இத கேளு." மூன்று கேள்வி. மூன்றும் என் ஷீட்டில் இல்லை. இருக்கப் போகிறவரை மூன்று மாதமாக நான் கேட்கவே இல்லை.

இந்த முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பக்கத்தில் உறவு இருப்பவருக்கு மட்டும்தான் இது உதவும். யாருமே இல்லாமல் அங்கே படுத்திருப்பவருக்கு யார் எட்டிப் பார்ப்பார்கள்? அதற்குத்தான் சட்டமும் ஆய்வாளரும் வேண்டும். நான் போட்ட 40 மதிப்பெண் அந்த வேலைக்கு மாற்று இல்லை. இப்போதைக்கு நான் செய்வது, போகும்போது பக்கத்துக் கட்டில் பாட்டியின் சார்ட்டையும் பார்த்துவிட்டு வருவது.

பெரியம்மா சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. பாத்ரூமில் கைப்பிடி இல்லாமல் இருந்தது, கேட்டபிறகு வைத்தார்கள். புதன் சாயங்காலம் என் முறை, ஞாயிறு அக்கா முறை, நடுவில் யாருக்குத் தோன்றுகிறதோ அவர்கள். போன புதன்கிழமை வெந்நீர் வரவில்லை என்றார். கீசர் ரிப்பேராம், அடுப்பில் வைத்துக் கொடுக்கிறார்களாம். இரண்டு நாளில் சரியாகும் என்றார்கள். இன்றோடு ஐந்து நாள். நாளைக்குப் போய்க் கேட்கணும்.